சி டிரைவ் சிவப்பாகிவிட்டது: அழிக்க அழிக்க மறுபடி நிரம்புகிறது, எங்கே போகிறது?

#1 தாழைமடல்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் முறை.

விண்டோஸ் 11 லேப்டாப். 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. அதில் 237தான் காட்டுகிறது, அது ஏன் என்பதும் புரியவில்லை. சி டிரைவ் மட்டும்தான், டி கிடையாது. போன வாரம் பட்டை சிவப்பாகிவிட்டது. மிச்சம் 2 ஜிபி.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அழித்தேன். பழைய படங்கள், இரண்டு கேம்கள், டவுன்லோட்ஸில் கிடந்த செட்டப் ஃபைல்கள், ரீசைக்கிள் பின். கொஞ்ச நேரத்தில் அலுத்துப் போய் ஷிஃப்ட் டெலிட்டாகவே அடிக்க ஆரம்பித்தேன். 16 ஜிபி காலி என்று காட்டியது. நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை பார்த்தால் 3.1 ஜிபி! இந்த மூன்று நாளில் புதிதாக வந்தது ஒரு விண்டோஸ் அப்டேட், அப்புறம் இரண்டு வகுப்பு வீடியோ. எல்லாம் சேர்த்து 6, மிஞ்சினால் 7 ஜிபி. பாக்கி 6 ஜிபி எங்கே போனது? வைரஸ் ஏதாவது இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஸ்கேன் செய்ததில் ஒன்றும் இல்லை.

#2 கூழாங்கல்

வணக்கம் தாழைமடல். முதலில் அந்த 237 கணக்கு. டிரைவ் செய்கிறவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட். விண்டோஸுக்கு ஒரு ஜிபி என்றால் 1024-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது 107 கோடிக்குக் கொஞ்சம் மேல். 256-ஐ அந்தக் கணக்கில் வகுத்தால் 238.4. அதில் ரெகவரி பார்ட்டிஷனுக்குக் கொஞ்சம் போய்விடும். யாரும் ஏமாற்றவில்லை, அளவுகோல்தான் வேறு.

இனி ஒன்றையும் அழிக்காதீர்கள். அளந்து பார்ப்போம். செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் போய்ப் பாருங்கள். அது மேலோட்டமாகத்தான் சொல்லும். விண்டிர்ஸ்டாட் என்று ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது, அதை ஓடவிட்டு முதல் மட்டத்தில் உள்ள ஃபோல்டர்களின் அளவை இங்கே எழுதுங்கள்.

#3 வேகப்புயல்

இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்க வேண்டாம். நல்ல கிளீனர் சாஃப்ட்வேர் ஒன்றைப் போடுங்கள், ஒரே கிளிக். ரெஜிஸ்ட்ரியையும் சுத்தம் செய்துவிடும். நான் வாரம் ஒரு முறை செய்கிறேன், லேப்டாப் பறக்கிறது.

#4 பழையபெட்டி

வேகப்புயல் எழுதியது: "ரெஜிஸ்ட்ரியையும் சுத்தம் செய்துவிடும்"

தம்பி, ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பட்டியல். மொத்தமே சில நூறு எம்பிதான். அதில் தேவையில்லாத வரி ஆயிரம் இருந்தாலும் ஒரு செல்ஃபி அளவுகூட வராது. இடத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தியே இல்லை. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை நாங்கள் ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன். ஒரு கிளீனர் "4,212 பிழைகள்" என்று சிவப்பில் காட்டியது. "ஃபிக்ஸ் ஆல்" அழுத்தினேன். மறுநாள் பிரிண்டர் காணோம். அதை மீண்டும் பிடித்துக் கட்ட இரண்டு நாள் ஆயிற்று. கிடைத்த இடம்? 9 எம்பி. இப்போதும் அந்த எண்ணை மறக்கவில்லை.

#5 வேகப்புயல்

உங்களுக்கு ஆனது எல்லோருக்கும் ஆகும் என்று இல்லையே அண்ணா. டெம்ப் ஃபைல்களை எடுக்கும் இல்லையா, அதுவாவது லாபம்தானே.

#6 பழையபெட்டி

டெம்ப்பை எடுக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ். அதில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பட்டியலில் "டவுன்லோட்ஸ்" என்று ஒரு வரி வரும். வழக்கமாக டிக் இல்லாமல்தான் இருக்கும். எல்லாவற்றையும் டிக் அடிக்கிற கை அதையும் சேர்த்து அடித்துவிடும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையே அலமாரியாக வைத்திருக்கிறவர்கள் நம்மில் பாதிப் பேர்.

#7 தாழைமடல்

கூழாங்கல் சொன்ன மாதிரியே செய்தேன். பத்து நிமிடம் ஓடியது. வந்த கணக்கு இது:

யூசர்ஸ் – 88 ஜிபி
புரோகிராம் ஃபைல்ஸ் இரண்டும் சேர்த்து – 34
விண்டோஸ் – 31
பேஜ்ஃபைல்.சிஸ் – 9
ஹைபர்ஃபில்.சிஸ் – 6.4
புரோகிராம்டேட்டா – 5

மற்றவை எல்லாம் சில்லறை. விண்டோஸ் ஃபோல்டர் 31 ஜிபி என்பதே எனக்கு அதிர்ச்சி. உள்ளே போய்ப் பார்த்தேன், வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று மட்டும் 11 ஜிபி. அதை அழித்துவிடலாமா?

#8 கூழாங்கல்

வேண்டவே வேண்டாம்! வின்எஸ்எக்ஸ்எஸ்தான் விண்டோஸின் சரக்கறை. அப்டேட்டுகளும் பழுதுபார்ப்பும் அங்கிருந்துதான் நடக்கின்றன. அதன் அளவும் பாதிப் பொய். அங்கே உள்ள நிறைய ஃபைல்கள் சிஸ்டம்32-இலும் தெரியும், ஆனால் டிஸ்கில் இருப்பது ஒரே பிரதி. ஹார்டு லிங்க் என்பார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவிலும் வாசல் இருக்கிற மாதிரி. எண்ணுகிறவர் இரண்டு வாசலையும் எண்ணி இரண்டு வீடு என்கிறார்.

கையால் தொடாமல் குறைக்க வழி உண்டு. விண்டோஸின் பராமரிப்புக் கட்டளையான டிஸ்மில் ஸ்டார்ட்காம்பொனென்ட்கிளீனப் என்று ஒன்று, பழைய அப்டேட்டுகள் மாற்றிவைத்த பதிப்புகளை அதுவே எடுத்துவிடும். ஓரிரண்டு ஜிபி தேறலாம். அதோடு ரீசெட்பேஸ் சேர்த்தால், இப்போது இருக்கும் அப்டேட்டுகளை இனி அன்இன்ஸ்டால் செய்ய முடியாது. உங்களுக்கு அது தேவையில்லை.

#9 மின்மினி_03

ஹைபர்னேட்டில், அதாவது திறந்த வேலையோடு கணினியை அணைக்கும்போது, ராமில் இருப்பதை எழுதிவைக்கிற ஹைபர்ஃபில் 6.4 ஜிபி சும்மாதானே கிடக்கிறது? நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையில் ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் ஒரு நொடியில் போய்விடும். நான் எந்தக் கணினி வாங்கினாலும் முதலில் செய்வது இதுதான். ராமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் பேஜ்ஃபைலையும் ஜீரோ ஆக்கிவிடலாம், 16 ஜிபி ராம் இருக்கிறதே.

#10 பழையபெட்டி

முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு.

ஹைபர்ஃபில் விண்டோஸ் 11-ல் வழக்கமாக ராமின் 40 சதவீதம். 16-க்கு 6.4, கணக்கு கச்சிதமாக வருகிறது. மேசைக் கணினி என்றால் யோசிக்காமல் எடுத்துவிடலாம், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் (கணினி வேகமாகத் தொடங்கும் வசதி) மட்டும் போகும். லேப்டாப்பில் அப்படி இல்லை. மூடிவைத்துவிட்டு மறந்து போய், பேட்டரி தீர்ந்தால், திறந்திருந்த வேலையைக் காப்பாற்றுவது அந்த ஃபைல்தான். "ரெட்யூஸ்டு" வகைக்கு மாற்றினால் 20 சதவீதம் ஆகும், ஆனால் அது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு மட்டும் உதவும், ஹைபர்னேட் கிடைக்காது.

பேஜ்ஃபைலைத் தொட வேண்டாம். ராம் நிறைய இருந்தாலும், புரோகிராம்கள் "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று முன்கூட்டியே கேட்டு வைக்கும் நினைவகத்துக்கு விண்டோஸ் ராமையும் பேஜ்ஃபைலையும் கூட்டித்தான் உத்தரவாதம் தருகிறது. பேஜ்ஃபைலை எடுத்தால், டாஸ்க் மேனேஜரில் ராம் காலியாகத் தெரியும்போதே பிரவுசர் பட்டென்று விழும். ஏன் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

#11 மின்மினி_03

இது தெரியாது. எனக்கு பிரவுசர் அடிக்கடி விழுகிறதுதான்... சரி, இன்றைக்கே திருப்பி வைக்கிறேன்.

#12 எறும்பூர்

எல்லோரும் பட்டியலில் இருப்பதையே பேசுகிறீர்கள். இல்லாததை யாரும் பார்க்கவில்லையா?

88, 34, 31, 9, 6.4, 5. கூட்டினால் 173.4. சி டிரைவ் 237, காலி 3.1, அப்படியென்றால் நிரம்பியிருப்பது கிட்டத்தட்ட 234. 60 ஜிபி இந்தப் பட்டியலிலேயே வரவில்லை! வின்எஸ்எக்ஸ்எஸ் இரண்டு முறை எண்ணப்பட்டிருந்தால் காணாமல் போனது அதைவிட அதிகம்.

தாழைமடல், நீங்கள் விண்டிர்ஸ்டாட்டைச் சாதாரணமாக டபுள் கிளிக் செய்துதானே திறந்தீர்கள்? உங்கள் பயனர் கணக்குக்குள் நுழைய அனுமதி இல்லாத ஃபோல்டர்களை அது பூஜ்யம் என்று போட்டுவிட்டுப் போய்விடும். ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுத்துத் திரும்ப ஓடவிடுங்கள். அல்லது இதே வேலையைச் செய்யும் விஸ்ட்ரீ என்ற மென்பொருளைப் போடுங்கள். அது ஒவ்வொரு ஃபோல்டராக ஏறி இறங்காமல் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) வைத்திருக்கும் பேரேட்டையே நேராகப் படிப்பதால் சில நொடியில் முடிந்துவிடும், எந்த ஃபோல்டரும் தப்பாது.

#13 தாழைமடல்

விஸ்ட்ரீ போட்டேன். 8 நொடி!! முதல் வரி யூசர்ஸ் 88. இரண்டாவது வரி நான் இதுவரை பார்த்தே இராத ஒரு பெயர்: சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன், 58 ஜிபி. உள்ளே நாலைந்து ஃபைல், பெயர்கள் எல்லாம் நெளிவு அடைப்புக்குறிக்குள் எண்ணும் எழுத்துமாக முழ நீளம். ஒன்று மட்டும் 21 ஜிபி. எக்ஸ்புளோரரில் அந்த ஃபோல்டர் கண்ணுக்கே தெரியவில்லை.

இதுதான் வைரஸா?

#14 எறும்பூர்

வைரஸ் இல்லை, ஷேடோ காப்பி. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ஷேடோஸ்டோரேஜ் என்று கொடுங்கள். மூன்று வரி வரும்: யூஸ்டு, அலொகேட்டட், மேக்ஸிமம். அந்த மூன்றாவது வரியை அப்படியே இங்கே எழுதுங்கள். அப்புறம் இன்னொரு கேள்வி: எப்போதாவது பேக்கப் மென்பொருள் ஏதாவது போட்டீர்களா?

#15 தாழைமடல்

யூஸ்டு 57.9 ஜிபி. மேக்ஸிமம்: "அன்பவுண்டட்".

ஆமாம், போன வருடம் ஒரு பேக்கப் மென்பொருளின் சோதனைப் பதிப்பைப் போட்டேன். ஒரு மாதம் ஓடியது, காசு கேட்டது, எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

#16 எறும்பூர்

கிடைத்துவிட்டது. "அன்பவுண்டட்" என்றால் வரம்பே இல்லை. உங்கள் கணினியில் அதை அவிழ்த்துவிட்டது அந்த மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும். போகும்போது திரும்பக் கட்டிவிட்டுப் போகவில்லை.

ஞாயிறு அழித்தது புதன்கிழமை ஏன் காணாமல் போனது என்பதற்கும் இதுதான் பதில். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷேடோ காப்பி என்பது "ஒன்றாம் தேதி இந்த நோட்டு எப்படி இருந்ததோ அதை எப்போது கேட்டாலும் காட்டுவேன்" என்று சத்தியம் செய்த ஒரு ஆள். முழு நோட்டையும் நகலெடுக்க அவருக்கு நேரமில்லை. அதனால் ஒரு தந்திரம். யாராவது ஒரு பக்கத்தை அழித்துவிட்டு அதன் மேல் வேறு எழுத வரும்போது மட்டும், "இருங்கள்" என்று சொல்லி, பழைய பக்கத்தை நகலெடுத்து வைத்துக்கொள்வார். எங்கே வைப்பார்? அதே நோட்டின் கடைசிப் பக்கங்களில்.

நீங்கள் ஞாயிறு அழித்ததும் விண்டோஸ் அந்த இடத்தைக் காலி என்று கணக்கில் எழுதியது. 16 ஜிபி தெரிந்தது, அதில் பொய் இல்லை. திங்கள் முதல் அப்டேட்டும் வீடியோவும் 6, 7 ஜிபி அந்தக் காலி இடத்தில் எழுத வந்தன. எழுதுவதற்கு முன் அங்கே இருந்த உங்கள் பழைய படமும் கேமும் ஷேடோ கிடங்குக்கு நகலாகப் போயின. அதற்கு இன்னொரு 6 ஜிபி. புதியது ஒரு பங்கு, பழையதன் நகல் ஒரு பங்கு. 16 குறைந்து 3.1 ஆனது இப்படித்தான். அழிக்க அழிக்க நிரம்புகிறது என்று தலைப்பில் எழுதியிருக்கிறீர்களே, எழுத்துக்கு எழுத்து உண்மை அது.

#17 கூழாங்கல்

எறும்பூர், கும்பிடு போடுகிறேன். கூட்டிப் பார்க்கத் தோன்றவே இல்லை எனக்கு.

#18 மின்மினி_03

அப்படியானால் வழி சுலபம். ஷேடோ காப்பியாகச் சேர்ந்திருக்கும் எல்லா ரீஸ்டோர் பாயின்ட்டையும் (விண்டோஸ் திரும்பிப் போகச் சேமித்துவைக்கும் பழைய நிலைகள்) ஒரேயடியாக டெலிட் செய்தால் 58 ஜிபி கையில். சிஸ்டம் புரொடெக்‌ஷன் ஜன்னலில் கான்ஃபிகர், அதில் டெலிட். தாழைமடல், உடனே அடியுங்கள்!

#19 பழையபெட்டி

உடனே அடிக்காதீர்கள்.

தாழைமடல், ஒரே ஒரு கேள்வி. ஞாயிறு ஷிஃப்ட் டெலிட் அடித்ததில், பிறகு "ஐயோ" என்று தோன்றிய எதுவாவது உண்டா? நிதானமாக யோசித்துப் பதில் சொல்லுங்கள். அதுவரை கணினியில் புதிதாக எதையும் இறக்க வேண்டாம்.

#20 தாழைமடல்

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

நான் இதை இங்கே எழுதவே இல்லை, வெட்கமாக இருந்தது. பாட்டி கதை சொல்லும்போது போனில் பதிவு செய்தவை ஒரு ஃபோல்டரில் இருந்தன. ஃபோல்டரின் பெயர் "நியூ ஃபோல்டர் 3". பெயரைப் பார்த்துக் குப்பை என்று நினைத்து அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் நினைவு வந்தது. பாட்டி இப்போது இல்லை. போனும் மாற்றிவிட்டேன். மொத்தம் 1 ஜிபிகூட இருக்காது.

#21 வேகப்புயல்

தாழைமடல், ரெகவரி சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்கள், டெலிட் ஆனதை எடுத்துத் தரும். (இந்த முறை திட்டாதீர்கள் அண்ணா, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறேன்.)

#22 பழையபெட்டி

திட்டவில்லை. பழைய ஹார்டு டிஸ்க் என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். எஸ்எஸ்டியில் கதை வேறு. ஒரு ஃபைலை அழித்ததும் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று விண்டோஸ் டிரைவுக்கு ட்ரிம் என்ற கட்டளை அனுப்பும். டிரைவ் தன் வசதிப்படி அதை உள்ளேயே துடைத்துவிடும். துடைத்ததை ரெகவரி மென்பொருளால் படிக்க முடியாது. அதுவும் சி டிரைவிலேயே அந்த மென்பொருளை இறக்கினால் இருக்கிற இடத்தின் மேலேயே எழுதுகிறோம்.

ஆனால் தாழைமடலிடம்தான் அந்தச் சத்தியம் செய்த ஆள் இருக்கிறாரே. இத்தனை நாள் இடத்தைத் தின்றவர், இப்போது உதவட்டும்.

"நியூ ஃபோல்டர் 3" எந்த ஃபோல்டருக்குள் இருந்ததோ, அந்தத் தாய் ஃபோல்டரில் ரைட் கிளிக், புராப்பர்டீஸ், அதில் ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ் தாவல். தேதிப் பட்டியல் வர வேண்டும். ஞாயிற்றுக்கு முந்தைய தேதியைத் தேர்ந்து "ஓப்பன்" மட்டும் கொடுங்கள். "ரீஸ்டோர்" கொடுக்காதீர்கள், அது மொத்த ஃபோல்டரையும் பழைய நிலைக்கு இழுத்துவிடும்.

முக்கியமானது: அங்கிருந்து காப்பி எடுப்பது பென்டிரைவுக்கோ வெளி ஹார்டு டிஸ்குக்கோ மட்டும். சி டிரைவுக்கு வேண்டாம். இருப்பது 3 ஜிபி. கிடங்கு வளர இடமில்லாமல் போனால் விண்டோஸ் பழைய ஷேடோ காப்பியைத்தான் முதலில் தூக்கி எறியும். நமக்கு வேண்டியது அதில்தான் இருக்கிறது.

#23 நாணற்காடு

இந்த இழையைச் சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தேன். மேக் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: டைம் மெஷின் வைத்திருந்தால் உள்ளூர் ஸ்னாப்ஷாட் என்று இதே ஆள் அங்கேயும் உட்கார்ந்திருப்பார். ஃபைலை அழித்தும் இடம் கூடவில்லை என்றால் அவரைச் சந்தேகப்படுங்கள். இடம் நெருக்கினால் தானாகவே விட்டுக்கொடுப்பார்.

லினக்ஸில் எனக்கு ஒரு முறை வேறு மாதிரி ஆனது. 40 ஜிபி லாக் ஃபைலை அழித்தேன், இடம் ஒரு பைட்கூட கூடவில்லை. ஃபைலைத் திறந்து வைத்திருந்த புரோகிராம் அதை விடவில்லை. அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ததும்தான் இடம் வந்தது. ஃபைல்களின் அளவைக் கூட்டும் டியூ கட்டளை ஒரு கணக்கும், டிஸ்கில் மிச்சத்தைச் சொல்லும் டிஎஃப் கட்டளை இன்னொரு கணக்கும் சொன்னால் முதலில் இதைப் பாருங்கள்.

தாழைமடல், கிடைத்ததா?

#24 தாழைமடல்

கிடைத்துவிட்டது.

டாக்குமென்ட்ஸில் பார்த்தேன், ப்ரீவியஸ் வெர்ஷன்ஸில் மூன்று தேதி இருந்தது. நடுவில் உள்ளதைத் திறந்தேன். "நியூ ஃபோல்டர் 3" அப்படியே இருக்கிறது. 31 பதிவுகள், 640 எம்பி. வெளி ஹார்டு டிஸ்குக்கு எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்தேன். 31-ம் பாடுகிறது. ஒன்றில் பாட்டி கதையை நிறுத்திவிட்டு "இந்த மிஷினை ஆஃப் பண்ணு, எனக்கு வெட்கமா இருக்கு" என்கிறாள். அதை மூன்று முறை கேட்டேன்.

இன்னொரு பிரதி பென்டிரைவிலும் போட்டாயிற்று. ஃபோல்டரின் பெயரையும் மாற்றிவிட்டேன்.

பழையபெட்டி அண்ணா, என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

#25 மின்மினி_03

நான் "உடனே அடியுங்கள்" என்று எழுதியதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

#26 எறும்பூர்

இப்போது அடிக்கலாம். ஆனால் முழுக்க டெலிட் வேண்டாம், வரம்பு போதும். ஸ்டார்ட்டில் "கிரியேட் எ ரீஸ்டோர் பாயின்ட்" என்று தேடித் திறந்தால் சிஸ்டம் புரொடெக்‌ஷன் வரும். சி-யைத் தேர்ந்து கான்ஃபிகர். மேக்ஸ் யூசேஜ் என்று ஒரு நகர்த்தி இருக்கும், அதை 10 ஜிபி அருகே கொண்டுவந்து ஓகே கொடுங்கள். பழைய பிரதிகள் தானாகக் கழியும். 10 ஜிபியில் சில ரீஸ்டோர் பாயின்ட் தங்கும், ஒரு அப்டேட் சொதப்பினால் பின்னால் போக அது வேண்டும்.

அந்தப் பேக்கப் மென்பொருளின் சர்வீஸ் ஏதாவது இன்னும் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். இருந்தால் அதை ஒழிக்காமல் இது நிற்காது.

#27 கூழாங்கல்

யூசர்ஸ் 88 பற்றி யாரும் பேசவில்லையே. விஸ்ட்ரீயில் அதைத் திறந்து, புரோகிராம்கள் தங்கள் தரவைப் போட்டுவைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டர் எவ்வளவு என்று சொல்லுங்கள்.

#28 தாழைமடல்

வரம்பு போட்டேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு 3.1 இருந்தது 51 ஆகிவிட்டது. பட்டை நீலம்!

சர்வீஸ் ஒன்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, அன்இன்ஸ்டால் பட்டியலில் "ஏஜென்ட்" என்று வேறு பெயரில் ஒளிந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

ஆப்டேட்டா 49 ஜிபி. அதில் மொபைல்சிங்க் என்று ஒரு ஃபோல்டர் மட்டும் 26.

#29 கூழாங்கல்

அது ஐபோன் பேக்கப். ஃபோல்டரைக் கையால் அழிக்காதீர்கள். ஐட்யூன்ஸில் எடிட், ப்ரிஃபரன்சஸ், டிவைசஸ் போனால் பேக்கப் பட்டியல் வரும், தேதியோடு. வேண்டாததை அங்கே டெலிட் செய்யலாம். ஆனால் போன் மாற்றிவிட்டேன் என்று சொன்னீர்கள். அந்தப் பழைய போனின் செய்திகளும் படங்களும் புதிய போனுக்கு வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே. ஐயம் இருந்தால் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்குக்கு நகலெடுத்து வைத்துவிட்டு அழியுங்கள்.

#30 நாணற்காடு

"நகல் இருக்கிறது" என்று எல்லோரும் நம்புகிற இன்னொரு இடம் கிளவுடோடு சேர்ந்து ஓடும் ஃபோல்டர். என் அக்கா இடம் காலி செய்வதாக நினைத்து அதிலிருந்த படங்களை லேப்டாப்பில் அழித்தாள். "மேலே இருக்கிறதே" என்றாள். மேலேயும் போய்விட்டது, போனிலும் போய்விட்டது. ஒத்திசைவு என்றால் அழிப்பதும் சேர்ந்துதான் ஒத்திசையும். நல்லவேளையாக இணையதளத்தின் குப்பைத்தொட்டியில் கிடந்தது. ஒன்டிரைவ் என்றால் ரைட் கிளிக்கில் "ஃப்ரீ அப் ஸ்பேஸ்" கொடுங்கள். ஃபைல் மேலே இருக்கும், இங்கே பெயர் மட்டும் தங்கும். டெலிட் வேறு, அது வேறு.

#31 வேகப்புயல்

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். இந்த இழையைப் படித்துவிட்டு என் கணினியிலும் விஸ்ட்ரீ ஓட்டினேன். வாரா வாரம் கிளீனர் ஓடவிட்டும், டெலிகிராமிலிருந்து இறங்கிய வீடியோக்கள் டவுன்லோட்ஸில் 37 ஜிபி கிடக்கின்றன. கிளீனர் ஒரு முறைகூட அதைச் சொல்லவில்லை.

#32 பழையபெட்டி

சொல்லாது தம்பி. அதற்கு அது குப்பை இல்லை, உங்கள் சொத்து. :)

#33 தாழைமடல்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இன்று காலை பார்த்தபோது காலி இடம் 79 ஜிபி. ஐபோன் பேக்கப்பை வெளி டிஸ்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்தேன். டெம்பரரி ஃபைல்ஸில் 4 ஜிபி எடுத்தேன், டவுன்லோட்ஸ் வரியை டிக் அடிக்காமல். ஹைபர்ஃபில்லைத் தொடவில்லை. விஎஸ்எஸ்அட்மின் கட்டளையை வாரம் ஒரு முறை போட்டுப் பார்க்கிறேன், 10-க்கு மேல் ஏறவில்லை.

மின்மினி, உங்கள் பிரவுசர் இப்போதும் விழுகிறதா?

#34 மின்மினி_03

பேஜ்ஃபைலைத் திருப்பி வைத்த நாளிலிருந்து ஒரு முறைகூட விழவில்லை. வெளியில் சொல்லிக்கொள்ளத்தான் கஷ்டமாக இருக்கிறது.